பார்லியும் ஹாப்ஸும் கிடைக்காதபோது சோள மால்ட்டில் செய்த பீர்

2020 மார்ச் 27 அன்று தென்னாப்பிரிக்காவில் ஊரடங்கு தொடங்கியபோது மது விற்பனைக்கும் தடை வந்தது; அது ஜூன் 1 வரை நீடித்தது. ஜொகன்னஸ்பர்க்கில் பலரும் அன்னாசிப்பழம், சர்க்கரை, ஈஸ்ட் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே ஒரு பானம் செய்துகொண்டார்கள். எனக்கோ தானியத்தில் செய்த பீர்தான் வேண்டியிருந்தது. பார்லி மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாங்கும் கடை மூடியிருந்த நிலையில், அந்நாட்டு மக்களின் மரபான பீராகிய உம்கொம்போதிக்குப் பயன்படும் சோள (மக்காச்சோளம் அன்று) மால்ட் மாவு மளிகைக் கடையில் கிடைத்தது.

பார்லிக்குப் பதிலாகச் சோளத்தை அப்படியே போட்டால் பீர் வராது என்பதைத்தான் இங்கே முதலில் சொல்ல விரும்புகிறேன். பார்லியின் மாவுச்சத்து 60 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் வெந்து இளகிவிடும். அதே சூட்டில் மால்ட்டிலுள்ள நொதிகளும் வேலை செய்து அதைச் சர்க்கரையாக மாற்றிவிடும். சோளத்தின் மாவுச்சத்து இளகுவதற்கு ஏறத்தாழ 70 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆனால் அந்தச் சூட்டில் நொதிகள் அழியத் தொடங்கிவிடுகின்றன. எனவே மால்ட் மாவை 45 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அது அடியில் படிந்ததும், நொதிகள் கரைந்திருக்கும் மேல்தெளிவைத் தனியே இறுத்து வைத்தேன். அடியில் நின்ற மாவை மட்டும் கஞ்சியாகக் கொதிக்கவிட்டு, அது 70 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகு, இறுத்த தெளிவை அதில் திரும்ப ஊற்றி, 65 டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். கரண்டியை எடுக்க முடியாத அளவுக்குக் கெட்டியாக இருந்த கஞ்சி நீர்த்து இனித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி சாதாரணமானதன்று. ஒரு துளியைத் தட்டில் எடுத்து, முதலுதவிப் பெட்டியிலிருந்த டிங்சர் அயோடினைச் சேர்த்துப் பார்த்தேன். கருநீலமாக மாறாததால் மாவுச்சத்து முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

பார்லியில் உமியே வடிகட்டியாக நிற்கும். சோளத்தில் அந்த வசதி இல்லாததால், வேட்டித் துணியில் கட்டிப் பொறுமையாக வடிக்க வேண்டியிருந்தது.

ஹாப்ஸுக்கு ஈடு தேடுவது இன்னும் கடினம். கசப்புக்குக் கிரேப்ஃப்ரூட் தோலின் வெண்பகுதியையும், மணத்துக்கு ஆரஞ்சுத் தோலையும் இடித்த கொத்தமல்லி விதையையும் போட்டுக் கொதிக்கவிட்டேன். பெல்ஜியத்தின் கோதுமை பீரில் ஆரஞ்சுத் தோலும் மல்லியும் இடம்பெறுவது வழக்கம்தான். எனினும், பீரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை அடக்கும் ஹாப்ஸின் ஆற்றலை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. ஆகவே பாத்திரங்களை மிகத் தூய்மையாக வைத்து, முடிந்த பீரைக் குளிர்பெட்டியில் வைத்து விரைவில் அருந்திவிட வேண்டும்.

ரொட்டி ஈஸ்ட்டும் பல வகைப் பீர்களுக்கான ஈஸ்ட்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதால் நொதித்தலில் சிக்கல் எழவில்லை. நான் போட்ட ரொட்டி ஈஸ்ட் அடியில் இறுகப் படியாததால் பீர் சற்றுக் கலங்கலாகவே இருந்தது. புளிப்பு குறைவாகவும், ஆரஞ்சு மணம் முன்னே தெரிவதாகவும், சோளத்தின் மண்வாசம் பின்னே நிற்பதாகவும் இருந்த அந்தச் சுவையை நான் உண்மையாகவே விரும்பினேன். கண்ணாடிப் புட்டிகள் வாயு அழுத்தத்தில் வெடிக்கக்கூடும் என்பதால் பிளாஸ்டிக் சோடா புட்டிகளில் நிரப்பி, அவை கல்லாக இறுகியதும் குளிரில் வைத்தேன்.

கடை மால்ட் கிடைக்காமல் வீட்டிலேயே சோளத்தை முளைகட்ட நினைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சோள முளையிலும் வேரிலும் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு. ஆகையால் நன்றாகக் காயவைத்து, முளையையும் வேரையும் தேய்த்து முழுவதும் நீக்கிய பிறகே அரைக்க வேண்டும்.