குளத்தடிக் குடும்பம்: காற்று மெசினுக்கு மோட்டர் மாற்றினது

சனிக்கிழமை

நான், காலை 6.12
எல்லோருக்கும் காலை வணக்கம். கொட்டிலில் நிற்கிற காற்று மெசின் (கொம்பிரசர்) செத்துப்போய்விட்டது. நேற்றுப் பின்னேரம் உழவு மெசின் பெட்டிச் சில்லுக்குக் காற்றடிக்கப் போட்டேன். "ஊம்ம்" என்று முனகியது, சுற்றவில்லை, பிறகு புகை. பெரிய மாமா எழும்பிவிட்டாரா?

மாங்குளம் அக்கா, 6.15
செத்த வீட்டுக்கும் காலை வணக்கமா?

பெரிய மாமா, 6.31
எழும்பித்தான் இருக்கிறேன், தேத்தண்ணி குடிக்க விடுங்கோ. எவ்வளவு நேரம் முனகியது? முனகும்போது நீ என்ன செய்தாய்?

நான், 6.33
ஒரு நிமிஷம் இருக்கும். பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய மாமா, 6.36
நல்ல வேலை. முனகினால் உடனே பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுற்றாமல் நிற்கிற மோட்டர், ஓடுகிற மோட்டரைப்போல ஐந்து ஆறு மடங்கு கரண்டை இழுக்கும். எல்லாம் சூடாகத்தான் போகும். மணம் என்ன மாதிரி?

நான், 6.37
வார்னிஷ் எரிந்த மணம். இன்னும் கொட்டிலுக்குள் நிற்கிறது. கோழி கூட அந்தப் பக்கம் போகவில்லை.

பெரிய மாமா, 6.44
அப்படியென்றால் பெரும்பாலும் முடிந்த கதைதான். ஆனாலும் பார்த்துவிட்டுச் சொல்லு. சில வேளை மோட்டரை எழுப்பிவிட முதுகில் இருக்கிற கப்பாசிட்டர் மட்டும் போயிருக்கும், அதற்கு ஏன் புது மோட்டர்? பிளக்கைப் பிடுங்கு. கப்பாசிட்டரில் கை வைக்க முன்னம் பழைய குண்டு பல்பு ஒன்றை வயரோடு எடுத்து அதன் இரண்டு முனைக்கும் பிடி, உள்ளே நிற்கிற கரண்ட் இறங்கிவிடும். திருப்புளியால் தட்டிப் பொறி பறக்க விடாதே, உன் தகப்பன் செய்கிற வேலை அது. பிறகு மீட்டரை எடுத்து, வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கிற கம்பி) முனைக்கும் மோட்டர் உடம்புக்கும் நடுவில் ஏதும் காட்டுகிறதா பார்.

நான், 7.52
கப்பாசிட்டர் வீங்கவில்லை. அது போன புரட்டாதியில் மாற்றினதுதான். ஆனால் மீட்டர் கத்துகிறது மாமா. வைண்டிங்குக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறது.

பெரிய மாமா, 7.54
கரண்ட் மோட்டர் உடம்புக்கு வந்துவிட்டது. இனி அதை ஒருவரும் பிளக்கில் போட்டுப் பார்க்கக் கூடாது. தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி, 7.55
நான் என்ன செய்தேன்?

அம்மா, 7.58
[குரல் பதிவு 0.41]

நான், 8.01
கேட்காத ஆட்களுக்கு: கிணற்று மோட்டர் பகலில் சும்மாதானே கிடக்கிறது, அதைக் கழற்றிப் பூட்டினால் என்ன என்று அம்மா கேட்கிறா.

பெரிய மாமா, 8.04
தங்கச்சி, அந்த மோட்டரின் தண்டு பம்புக்குள்ளேயே போய் முடிகிறது. பெல்ட் போட வெளியில் தண்டு இல்லை. பிறகு குளிக்கவும் தண்ணி இருக்காது, காற்றும் இருக்காது.

ரொறன்ரோ மச்சான், 8.06
மச்சான், இங்கே இரவு ஒன்பதரை தாண்டிவிட்டது, இப்பத்தான் பார்த்தேன். இங்கே கடையில் நல்ல கொம்பிரசர் மோட்டர் கிடக்கிறது. அடுத்த பெட்டி அனுப்பும்போது போட்டுவிடவா?

பெரிய மாமா, 8.15
மருமகன், மனசுக்கு நன்றி. ஆனால் உங்கள் ஊர்க் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. வீட்டுச் சுவரில் உங்களுக்கு 120 வோல்ட், எங்களுக்கு 230. 230 வோல்ட்டில் ஓடுகிற மோட்டர் என்று பார்த்து வாங்கினாலும், 60க்கு என்று மட்டும் செய்ததை இங்கே போட்டால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், உள்ளிரும்பும் கூடச் சூடாகும். கரண்டை மாற்றுகிற பெட்டியால் வோல்ட்டை மாற்றலாம், ஹேர்ட்ஸை மாற்ற ஏலாது. நீங்கள் சொக்லேற்றையே அனுப்புங்கோ.

மாங்குளம் அக்கா, 8.16
ஓம் ஓம், சொக்லேற்.

நான், 8.40
[படம்]
தகட்டைத் துடைத்துப் படம் எடுத்தேன். 2 எச்பி, 1.5 கிலோவாட், 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், நிமிஷத்துக்கு 2850 சுற்று. தண்டு 24 மி.மீ. பெல்ட் ஓடுகிற சில்லுகளில், மோட்டரில் இருக்கிற சின்னச் சில்லு 70 மி.மீ, பம்பில் இருக்கிற பெரிய சில்லு 210. கால் ஓட்டைகள் குறுக்கே 140, நெடுக்கே 100. கிளிநொச்சிக்குப் போய் இதே மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரட்டா? வியாழக்கிழமை நெல் அறுக்க அருவி வெட்டு மெசின் வருகிறது. பெட்டிச் சில்லு இப்பவும் சப்பையாகக் கிடக்கிறது.

பெரிய மாமா, 8.47
அளவு எல்லாம் எடுத்தது கெட்டித்தனம். ஆனால் அவசரப்படாதே. இந்த மோட்டர் ஏன் செத்தது என்று தெரியாமல் புது மோட்டர் பூட்டினால் அதுவும் இதே வழியில் போகும். ஒன்று சொல்லு. மெசின் நிரம்பித் தானாக நிற்கும்போது "புஸ்ஸ்" என்று ஒரு காற்றுச் சத்தம் வருமே, அது வருகிறதா?

நான், 8.50
முந்தி வரும். இப்ப கொஞ்ச மாதமாக இல்லை. நல்லாக ஓடுகிறது, அதனால்தான் சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

பெரிய மாமா, 8.51
ஐயோ.

தம்பி, 8.52
[இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

மாங்குளம் அக்கா, 8.52
நான் வாசித்துவிட்டேன்.

பெரிய மாமா, 8.53
தம்பி, திரும்ப எழுது.

தம்பி, 9.05
கார்த்திகை மழைக்குள் ஒரு நாள் மெசின் நின்ற பிறகும் அந்தச் சின்னக் குழாயால் சீறிக்கொண்டே இருந்தது மாமா. விடியப் பார்த்தால் தாங்கியில் காற்று இல்லை. அதனால் சுவிட்சடியில் அந்தக் குழாயைக் கழற்றி, சைக்கிள் ரியூப் துண்டை மடித்து இறுக்கிக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் காற்றும் போகவில்லை. திருத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பெரிய மாமா, 9.20
பேசமாட்டேன், பயப்படாதே. ஆனால் மோட்டரைக் கொன்றது அந்த ரியூப் துண்டுதான்.

இரண்டு பேரும் கேளுங்கோ. பம்பிலிருந்து தாங்கிக்குப் போகிற தடித்த குழாயின் அடியில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கிறது. தாங்கிக்குள் போன காற்றைத் திரும்பி வரவிடாமல் பிடிப்பது அது. மெசின் நிற்கும்போது பம்புத் தலையிலும் தடித்த குழாயிலும் நிற்கிற காற்றை மட்டும் சின்னக் குழாய் வெளியே விடும். அதுதான் "புஸ்". ஒரு தரம் வந்து நின்றுவிட வேண்டும். அடுத்த முறை மோட்டர் எழும்பும்போது பம்புக்குள் சுமை இருக்காது, சும்மா சுற்றி வேகம் எடுத்துவிடும். நிற்காமல் சீறினால் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை, தாங்கிக் காற்று பின்னால் வருகிறது என்று அர்த்தம். வால்வைத் துடைத்திருந்தால் அரை மணித்தியால வேலை. நீ வாயைக் கட்டிவிட்டாய். அன்றிலிருந்து அந்த மோட்டர் ஒவ்வொரு முறையும் தாங்கியில் நிற்கிற அமுக்கம் முழுவதையும் முட்டிக்கொண்டுதான் எழும்பியிருக்கிறது. மூன்று மாதம் தாங்கினதே பெரிய காரியம்.

நான், 9.24
அது மட்டும்தான் காரணமா? காலமையில் எழும்பும், பின்னேரத்தில்தான் கஷ்டப்படும்.

பெரிய மாமா, 9.26
பின்னேரம் வோல்ட் எவ்வளவு? எந்த வயரில் போடுகிறாய்?

நான், 9.30
நேற்று ஆறரைக்கு மீட்டரில் 195. வயர், கோயில் திருவிழாவுக்கு லைற் கட்டின நீள வயர்.

பெரிய மாமா, 9.41
லைற் கட்டின வயரில் 2 எச்பி! சுவரில் 195 என்றால் அந்த வயரின் மற்ற முனையில் இன்னும் குறைவு. 2009க்கு முந்தி, சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லாமல், இங்கே சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். கரண்ட் குறைந்தால் ரேடியோவில் செய்தி மெல்லமாகக் கேட்கும், அவ்வளவுதான். மோட்டர் அப்படி இல்லை. 230இல் 100 பலத்தோடு எழும்புகிறது என்றால் 195இல் 72தான். 100க்கே திணறுகிற சுமையை 72ஐக் கொண்டு தூக்கச் சொன்னால் முனகாமல் என்ன செய்யும்? கொட்டிலுக்கு 2.5 சதுர மி.மீ தடிப்பு வயர் தனியாக இழு. பின்னேரம் மெசினைப் போடாதே.

நான், 11.35
கிளிநொச்சியில் நிற்கிறேன். எரிந்த மோட்டருக்குத் திரும்பக் கம்பி சுற்றுகிற கடையில் விசாரித்தேன், புதியதின் பாதி விலைக்குக் கொஞ்சம் குறைவாகச் சொல்கிறார், ஆனால் ஒரு கிழமை ஆகுமாம். புதியதில் 2850 இல்லை, 1440தான் இருக்கிறது. அதுவும் 2 எச்பி, தண்டும் அதே 24. எடுக்கவா?

பெரிய மாமா, 11.43
எடு. ஆனால் பழைய சின்னச் சில்லைப் போடாதே, பம்பு பாதி வேகத்தில் சுற்றும், பெட்டிச் சில்லுக்குக் காற்று நிரம்ப விடிந்துவிடும். 2850ஐ 70ஆல் பெருக்கி 210ஆல் பிரி, 950 வரும். பம்புக்குப் பழகின வேகம் அது. 1440இல் அதே வேகம் வேண்டுமென்றால் 140 மி.மீ சில்லு, 960 வரும், பத்துச் சுற்றுக்குப் பம்பு ஒன்றும் சொல்லாது. சில்லு பெரிதாகும், அதனால் பெல்ட்டும் நீளமாக வேண்டும். நூலால் சுற்றி அளந்துவிட்டு வாங்கு. ஒருவழி வால்வும் புதிது ஒன்று எடு. கடைக்காரர் "3 எச்பி போடுங்கோ, பலம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு வா.

நான், 11.44
இப்பத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை

நான், 10.20
கால் ஓட்டை குறுக்கே சரி. நெடுக்கே இதற்கு 125, பழையதற்கு 100. தட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டோம், முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்திப் பெல்ட் இறுக்க நீள ஓட்டையாக. தம்பிதான் துளைத்தான், தண்டனை.

பெரிய மாமா, 10.24
இரண்டு சில்லும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார். பெல்ட்டின் நடுவில் பெருவிரலால் அமத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். வால்வைக் கழற்ற முன்னம் தாங்கிக் காற்றை முழுக்க விட்டீர்களா?

தம்பி, 10.31
விட்டோம் மாமா. கீழ்த் திருகைத் திறக்கத் தேத்தண்ணி நிறத்தில் அரை வாளித் தண்ணி வந்தது. பழைய வால்வுக்குள் கரியும் துருவும். வால்வு சரியாக மூடவே இல்லை.

நான், 11.15
போட்டோம், சுற்றுகிறது! ஆனால் பெரிய சில்லில் போட்ட அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. காற்று வருகிறதுதான், விட்டுவிடவா?

பெரிய மாமா, 11.17
விடாதே. அந்தச் சில்லின் ஆரைகள்தான் விசிறி, பம்புத் தலையை ஆற்றுவது அதுதான். எதிர்ப்பக்கம் சுற்றினால் தலை வெந்துபோகும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டர் பெட்டிக்குள் ஸ்டார்ட் வைண்டிங்கின் இரண்டு முனையை மட்டும் இடம் மாற்று. எவை என்று மூடிக்குப் பின்னால் படம் இருக்கும்.

நான், 11.58
[குரல் பதிவு 0.06]

பெரிய மாமா, 11.59
திரும்பப் போடு.

மாங்குளம் அக்கா, 12.00
"புஸ்" என்று மட்டும்தான் கேட்கிறது. இதையா அனுப்பினாய்?

பெரிய மாமா, 12.01
ஓம் பிள்ளை, அதைத்தான் இரண்டு நாளாகத் தேடினோம். ஒரு தரம் வந்து நின்றுவிட்டது. சரி.
பழைய மோட்டரைக் கவனமாக வையுங்கோ. ஆறுதலாகத் திரும்பச் சுற்றக் கொடுத்தால் கையிருப்பாக இருக்கும்.

அம்மா, 12.09
[குரல் பதிவு 0.19]

நான், 12.11
மாமா, காலமை பழைய இரும்புக்காரர் வந்தவராம். இரண்டு பிளாஸ்ரிக் வாளியும் ஒரு மூடியும் தந்தாராம்.

பெரிய மாமா, 12.12
மூடி எதற்கு?