பெட்டியில் ஒரே பெயர், உள்ளே வேறு சரக்கு: குறைந்த செலவில் கேமிங் பிசி கட்டிய மூன்று பேரின் அனுபவங்கள்

கையில் இருக்கும் காசுக்குள் கேமிங் பிசி கட்ட வேண்டும் என்று யார் லிஸ்டோடு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, ஒவ்வொரு பார்ட்டின் முழு மாடல் பெயரை. விலை குறைந்த வரிசையில் எதை வெட்டியிருக்கிறார்கள் என்று பெட்டியின் முன்பக்கத்தில் போடமாட்டார்கள்.

சமீபத்தில் சித்தி பையன் ஒரு லிஸ்ட் அனுப்பினான். ரைசன் 5 5500 ப்ராசஸர், கூடவே ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் பெரிய குறை தெரியாது, ஜோடி சேர்த்தால்தான் வினை. அந்த கிராபிக்ஸ் கார்டு மதர்போர்டோடு பேசுவது வெறும் நான்கு லேன் (தகவல் ஓடும் தடம்) வழியாக, அதுவும் பிசிஐஇ எனும் அந்த இணைப்பின் 4.0 தலைமுறை வேகத்தை நம்பிச் செய்தது. 5500 ப்ராசஸர் தருவதோ 3.0 மட்டும்தான், அதாவது பாதி வேகம். கார்டில் இருப்பது 4 ஜிபி மெமரி. அது நிரம்பியதும் கேம் மெயின் ராமைத் தேடி ஓடும், அப்போதுதான் இந்தக் குறுகிய வழி கழுத்தைப் பிடிக்கும். "ஸ்லாட் முழு நீளத்துக்கு இருக்கே அண்ணா" என்றான். நீளம் இருக்கிறது, ஆனால் கார்டு அதில் நான்கு லேனைத்தானே பயன்படுத்துகிறது! போதாததற்கு, கேமை ரெக்கார்டு செய்து போட வேண்டும் என்பது அவன் ஆசை, அந்தக் கார்டில் அதற்கான வீடியோ என்கோடரே (வீடியோவைச் சுருக்கிப் பதியும் பகுதி) கிடையாது.

கடைசியில் ரைசன் 5 5600, ஆர்எக்ஸ் 6600 என்று மாற்றினோம். 5600-இல் பிசிஐஇ 4.0 உண்டு, எல்3 கேஷும் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 5500-இன் 16 எம்பிக்குப் பதில் 32 எம்பி. கார்டில் எட்டு லேன், 8 ஜிபி. கூடுதல் காசுக்கு என்ன செய்வது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கலர் லைட் கேபினெட்டும் லிக்விட் கூலரும் லிஸ்டில் இருந்து போயின. 65 வாட் ப்ராசஸர், பெட்டியோடு வரும் கூலரே அதற்குப் போதும். லைட்டுக்காக அவன் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறான், அது வேறு கதை.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் இதையும் கேளுங்கள். தெரிந்தவர் ஒருவருக்காக ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி பார்க்கப் போனோம். விற்பவரிடம் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுக் காட்டச் சொன்னால் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு கோர்) எண்ணிக்கை 2048 என்று வருகிறது. அசல் 580-இல் 2304 இருக்க வேண்டும். போலி என்றும் சொல்ல முடியாது, 2048எஸ்பி என்று குறைத்து வெளிவந்த வகை அது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார் விற்பவர். ஒன்றில்லையே! விலை இறங்காததால் கிளம்பிவிட்டோம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓட்டி கிரிப்டோ காசு சம்பாதிப்பது) நின்றதும் இந்த மாதிரி கார்டுகள் ஏகப்பட்டது சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஆனால் கனமான ஒரு கேமை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

* * *

ஒரே பெயரில் வேறு சரக்கு என்று மேலே சொன்னதோடு ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிடிடிஆர்5 வகை மெமரி போட்டது நொடிக்கு 48 ஜிபி தகவல் நகர்த்தும், டிடிஆர்4 வகை போட்டது 17-ஐக்கூடத் தொடாது. பெயர் மட்டும் ஒன்றே.

ஆனால் வெட்டியது எல்லாமே வீண் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையை எல்லோரும் திட்டுகிறார்கள், 8 ஜிபி வகையில் 2560 கோர், இதில் 2304, மெமரி பாதையும் 128 பிட்டில் இருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. சரி, ஆனால் 130 வாட் 70 ஆகவும் குறைந்திருக்கிறதே, அதனால் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் கேபிள் வேண்டாம், ஸ்லாட் தரும் 75 வாட்டே போதும். நான் கட்டியது பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில். அதன் பவர் சப்ளை அந்த மதர்போர்டுக்கென்றே செய்த தனி கனெக்டரோடு வரும், கடையில் வாங்கியதை மாட்ட முடியாது. கேபினெட்டும் ஒல்லி. குட்டை உயரத்தில் வரும் 3050 அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. வாங்கும் முன் கார்டின் நீளம், உயரம் இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

* * *

இரண்டு பேரும் பவர் சப்ளையைப் பெரிதாகப் பேசவில்லை, எனக்கு அதில்தான் அனுபவம். நண்பரின் பிசி கேம் சூடுபிடிக்கும் நேரமெல்லாம் அணைந்து போகும். கார்டு போச்சு என்று புதிதாக வாங்கவே கிளம்பிவிட்டார். பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்தேன்: கொட்டை எழுத்தில் 450 வாட், கீழே அட்டவணையில் 12 வோல்ட் வரிசையில் 25 ஆம்பியர். பெருக்கினால் 300 வாட்தான். ப்ராசஸரும் கார்டும் தின்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான், மீதி வாட் எல்லாம் 3.3, 5 வோல்ட் பக்கம் காட்டிய கணக்கு. போதாததற்கு கார்டின் 8 பின் கனெக்டருக்கு மோலெக்ஸில் (ஹார்ட் டிஸ்க் போன்றவற்றுக்கான பழைய நான்கு பின் கேபிள்) இருந்து அடாப்டர் வேறு போட்டிருந்தார்கள். நல்ல யூனிட் மாற்றியதும் அதே கார்டு ஒழுங்காக ஓடுகிறது.

அப்புறம், 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வருகிறது என்பதற்கான சான்றுதான் அது, உள்ளே போட்டிருக்கும் கெபாசிட்டரின் தரத்தை அது சொல்லாது. அந்த ஒரு மாடலை யாராவது பிரித்து சோதித்து எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.