வாசலில் விலங்கு உருவங்கள்: எது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

கேள்வி:
நிலைக்கதவருகே வைப்பதற்காக ஒரு ஜோடிக் கற்சிங்கங்களும், வாயில் நாணயம் கவ்விய மூன்று கால் தவளை ஒன்றும், உலோக ஆமை ஒன்றும் வாங்கியிருக்கிறோம். சீனர்களின் மனை அமைப்பு முறையான ஃபெங் சுயிப்படி இவை வெளியே பார்க்க வேண்டுமா, உள்ளே பார்க்க வேண்டுமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சிங்கங்களில் எது இடப்பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
காவல் காப்பவை வெளியே பார்க்கும். செல்வத்தை வீட்டுக்குள் அழைப்பவை உள்ளே பார்க்கும். ஆகவே சிங்கங்கள் தெருவை நோக்கியே நிற்க வேண்டும், அதுவும் ஜோடியாக. இரண்டுக்கும் பிடரிமயிர் செதுக்கப்பட்டிருக்கும் என்பதால், ஆண் எது, பெண் எது என்பதைக் காலடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்: பாதத்தின் கீழே பந்து இருந்தால் ஆண், குட்டி இருந்தால் பெண். வீட்டுக்குள்ளிருந்து வாசலைப் பார்த்து நிற்கும்போது ஆண் சிங்கம் உங்கள் இடப்பக்கமும் பெண் சிங்கம் வலப்பக்கமும் வர வேண்டும். வெளியிலிருந்து வருபவருக்கு இது தலைகீழாகத் தெரியும் என்பதைச் சொல்லாமல் விடுவதால்தான் இத்தனை குழப்பமும். பெய்ஜிங் அரண்மனையில் தெற்கு நோக்கி நிற்கும் வெண்கலச் சிங்கங்களிலும் ஆண் கிழக்கிலும் பெண் மேற்கிலும் இருக்கின்றன, அதாவது அதே இடவலம்தான்.

பதில் 2:
மேலே சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு. பிஷியூ எனப்படும் சிறகு முளைத்த சிங்கம் போன்ற உருவம், செல்வத்தைத் தேடிப் பிடித்து வருவதாக நம்பப்படுவதால் வெளியே பார்த்தே வைக்கப்படுகிறது. உங்கள் தவளை அப்படியன்று. அது கதவைப் பார்த்து உட்கார்ந்தால் வாயிலிருக்கும் காசோடு வெளியே தாவிவிடும் என்பார்கள். கதவுக்குக் குறுக்கு மூலையில், தரையில் வைக்காமல் சிறு மேசை மீது, உள்நோக்கி வைத்துவிடுங்கள்.

ஆமையை வாசலில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு திசைக் காவல் விலங்குகளில் கருப்பு ஆமை வடக்குக்கும் வீட்டின் பின்புறத்துக்கும் உரியது. முன்புறம் செம்பறவைக்கு உரியது. எனவே ஆமையைப் பின்சுவர்ப் பக்கம் கொண்டுபோவதே பொருத்தம்.

பதில் 3:
எதை எங்கே வைத்தாலும் கதவு முழுவதும் திறக்க வேண்டும். வீட்டின் உயிராற்றல் வாசல் வழியாகவே நுழைகிறது என்று சொல்லும் முறையில், அந்த வழியையே பொம்மைகளால் அடைப்பது பொருந்தாது. சிங்கங்கள் கதவகலத்துக்குப் பெரியவையாக இருந்தால், முதலில் அளந்து பார்த்துவிட்டுப் பிறகு திசையைப் பற்றி யோசியுங்கள்.