அப்பாருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்குகிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அப்பாருக்கு வயது 74, சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். இன்று காலை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். வரப்பில் உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல். கருவியில் 52 காட்டியது. நாட்டுச்சர்க்கரை கரைத்துக் கொடுத்த பிறகுதான் என்னை அடையாளம் கண்டார்.

உணவு இல்லாவிட்டாலும் இந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைக்கும் என்பது தெரியும். ஆனால் சிறுநீர்த் தொற்றுக்காக நான்கு நாட்களாகச் சிப்ரோஃபிளாக்சசினும் சாப்பிடுகிறார். அதுவும் இன்சுலினைக் கூட்டக்கூடியதாம். இரண்டும் சேர்ந்து யார் வீட்டிலாவது இப்படி ஆனதா? மருத்துவர் எதை மாற்றினார்? மருத்துவரிடம் பேசிவிட்டோம், நாளை காலை வரச் சொல்லியிருக்கிறார். தூக்கத்தில் இறங்கினால் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? இன்றிரவு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுக்கிறேன்.