குருத்தில் தெரியும் குளிர்: தில்லியில் வெப்பமண்டலப் பனைகள்

தில்லியின் துவாரகாவிலிருந்து:

தில்லியில் அரிய பனைகளை வளர்த்துப் பார்த்தவர்கள் தம் அனுபவத்தை எழுதுமாறு கேட்டிருந்தீர்கள். தரைத்தளக் குடியிருப்பு ஒன்றின் பின்புறம், பன்னிரண்டடிக்கு இருபதடி மண்ணில் எட்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் முயற்சிகளில் பிழைத்தவற்றைவிட இழந்தவையே அதிகம் என்பதால், இழந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

லிப்ஸ்டிக் பாம் என்று நாற்றுப்பண்ணைகளில் விற்கப்படும் சிர்டோஸ்டாகிஸ் ரெண்டா என்ற பனை, தாய்லாந்தின் தென்பகுதி, மலேயா, சுமத்திரா, போர்னியோ ஆகிய இடங்களின் சதுப்புக் காடுகளில் இயல்பாக வளர்வது. மட்டைகளும் தண்டைச் சுற்றிய உறையும் அரக்குச் சிவப்பில் இருக்கும். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் அதைப் பார்த்த நாளிலிருந்து என் வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. ஆந்திரத்தின் கடியத்திலிருந்து ரயில் பார்சலில் வந்த மூன்றடிக் கன்று, தில்லியின் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் தாங்கி, அடியில் இரண்டு பக்கக் கன்றுகளையும் விட்டிருந்தது.

அப்போது 2019 டிசம்பர் வந்தது. அம்மாதம் 30 ஆம் தேதி தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பகல் நேர உச்சமே 9.4 டிகிரிதான். நான் இரவுக் குளிரைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டு, மூங்கில் கழிகள் நட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, உள்ளே அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றை இரவெல்லாம் எரியவிட்டேன். வெப்பமானி 11 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்பதில் எனக்குப் பெரும் நிம்மதி இருந்தது. சதுப்பில் வளரும் செடியாயிற்றே என்று நாள்தோறும் தண்ணீரும் ஊற்றினேன். ஜனவரி முழுவதும் ஓலைகள் பச்சையாகவே இருந்தன. பிப்ரவரி மூன்றாம் வாரம், வெயில் திரும்பி மனம் இளகிய ஒரு காலையில் குருத்தைத் தொட்டபோது அது கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி கூழாகி நாறியது. ஹோலிக்குள் பக்கக் கன்றுகளும் போயின. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பு நூலாக உரிந்தது.

என் சொந்த ஊர் ஆனைமலைப் பக்கம். தென்னந்தோப்பில் வளர்ந்தவர்களுக்குக் குருத்தழுகலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மா, வேம்பு போன்ற மரங்களில் ஒரு கிளை கருகினால் இன்னொரு கிளை துளிர்க்கும். பனை வகைகளில் ஒரு தண்டுக்கு ஒரே வளர்முனைதான். அது குருத்தின் அடியில், மட்டைகளுக்குள் புதைந்திருக்கிறது. அது போனால் அந்தத் தண்டு போனதுதான். இது தெரிந்திருந்தும் குளிரையும் குருத்தழுகலையும் நான் சேர்த்து நினைக்காமல் போனதுதான் இன்றுவரை வருத்தம். பல வெப்பமண்டலப் பனைகளில், மண்ணின் வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போனால் வேரின் வேலை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. உறிஞ்சாத வேருக்கு ஊற்றிய நீர் காற்றை அடைத்து நிற்கிறது. மூடுபனியின் நீரோ, பிளாஸ்டிக் தாளின் உட்புறம் வியர்த்துச் சொட்டும் நீரோ குருத்தின் இடுக்கில் தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. வளராத குருத்தால் அதை உதறி மேலெழ முடிவதில்லை. ஏற்கெனவே விரிந்த ஓலைகள் சில வாரங்கள் பச்சையாகவே நிற்பதால், நமக்குச் செய்தி தாமதமாகவே வருகிறது.

எனவே எந்தப் பனையைப் பற்றியும் 'எத்தனை டிகிரி வரை தாங்கும்' என்று மட்டும் கேட்பது போதாது என்பது என் உறுதியான கருத்து. 2023 ஜனவரி 16 அன்று சஃப்தர்ஜங்கில் 1.4 டிகிரி பதிவானது. அந்த இரவில் சுவரோரம் வெறும் சாக்குப் போர்வையில் நின்ற என் பாட்டில் பாம் பிழைத்துக்கொண்டது, ஏனெனில் மறுநாள் வெயில் அடித்துச் சுவரும் தொட்டியும் சூடேறின. சூரியனே தெரியாமல் பத்து நாள் நீளும் 9 டிகிரிப் பகல்கள்தான், என் அனுபவத்தில், ஓர் இரவின் 2 டிகிரியைவிடக் கொடியவை.

பாட்டில் பாம் என்றவுடன் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் நான் வாங்கிய இரண்டு கன்றுகளில் ஒன்று ஒவ்வொரு குளிரிலும் ஓலை கருகி நைந்தது. மற்றொன்று அதே சுவரோரம் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. தண்டு பருத்த பிறகே காரணம் புரிந்தது. முதலாவது மொரீஷியஸை அடுத்த ரவுண்ட் தீவைச் சேர்ந்த ஹையோஃபோர்பி லாஜெனிகாலிஸ். அடி பருத்து மேலே சட்டென்று ஒடுங்குவது. இரண்டாவது ரோட்ரிக்ஸ் தீவின் ஹையோஃபோர்பி வெர்ஷாஃபெல்டி. நடுத்தண்டு பருப்பது, குளிரைச் சற்றுக் கூடுதலாகத் தாங்குவது. இளங்கன்றாக இருக்கையில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

2021 இல் அந்த முதல் பாட்டில் பனைக்கும் குருத்து கழன்றது. இம்முறை ஊர் வைத்தியம் கைகொடுத்தது. அழுகியதைக் கத்தியால் முற்றிலும் சுரண்டி எடுத்து, தேங்கிய நீரை வடித்து, பத்து சதவீத போர்டோ பசையைத் தடவினேன். நூறு கிராம் மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) நூறு கிராம் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே அரை அரை லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. பளபளப்பான கத்தியை அதில் நனைத்துப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மேலே மழைநீர் புகாதபடி ஒரு மண்கலயத்தைக் கவிழ்த்து வைத்தேன். நான்கு மாதங்கள் கழித்துச் சுருங்கிய, பாதி ஓலை ஒன்று வெளிவந்தது. அதற்கடுத்தது முழுமையாக விரிந்தது.

மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. வெள்ளி நிற வகையாகப் பார்த்து வாங்கி, வேரைக் கலைக்காமல் நட்டால் தில்லியை அது பொருட்படுத்துவதில்லை. பச்சை வகை குளிருக்கு அஞ்சும்.

மயூர் விஹாரிலிருந்து:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். எனக்கு மண்தரை இல்லை. ஐந்தாம் மாடியில் வடக்கு பார்த்த பால்கனி மட்டுமே. குளிரைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் என் செடிகளைக் கொன்றது பெரும்பாலும் மே மாதம்தான் என்பதைச் சேர்க்க விரும்புகிறேன்.

நியூ கலிடோனியாவைச் சேர்ந்த சாம்பெய்ரோனியா என்ற பனை, புதிய ஓலையைச் சிவப்பாக விரிப்பது, இரண்டு ஜனவரிகளைப் பால்கனியிலேயே எந்தப் போர்வையும் இன்றிக் கடந்தது. அதையே லூ என்னும் கோடை அனல்காற்று நான்கு நாட்களில் வைக்கோலாக்கிவிட்டது. குளிர்ந்த தீவுகளிலிருந்து வரும் பனை தில்லியின் ஜனவரியைத் தாங்கினாலும் மே மாதத்தில் வீழ்கிறது. ஈரக்காட்டின் பனையை இரண்டுமே வருத்துகின்றன. வனுவாட்டுவின் லிக்குவாலா கிராண்டிஸ், விசிறிபோல் மடிப்பு விழுந்த வட்ட ஓலை கொண்டது, என்னிடம் ஆறாவது ஆண்டாக உயிரோடிருப்பதற்கு இரட்டை நிழல்வலையும் நனைத்துத் தொங்கவிட்ட சாக்குமே காரணம். தண்ணீரும் முக்கியம். எங்கள் குழாய்நீரில் உப்பு அதிகம், ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் அது இன்னும் செறிந்திருக்கும், ஆகவே அதைப் பனைகளுக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள். கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து ஊற்றத் தொடங்கிய பிறகே ஓலை நுனி கருகுவது குறைந்தது.

குளிர்காலத்தில் செடியை அறைக்குள் எடுத்துச் செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அறை ஹீட்டர் காற்றை உலர்த்திவிடுவதால் ஓலையின் அடிப்புறத்தில் சிலந்திப்பேன் பெருகுகிறது. ஓலை மங்கிச் சாம்பல் பூத்தது போல் தெரிந்தால் அதுதான். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இருபுறமும் துடைப்பது எனக்கு மருந்தைவிடப் பயன்பட்டது.

விதையிலிருந்து முயல்பவர்கள், ஈரமான தென்னைநார்க் கழிவில் விதையைப் புதைத்துப் பையை மூடி, இன்வெர்ட்டருக்கு மேலே இளஞ்சூட்டில் வைத்துப் பாருங்கள். என் லிக்குவாலா விதைகள் முளைக்க ஏழு மாதங்கள் ஆயின.

துவாரகாவிலிருந்து, மீண்டும்:

அம்மா, மே மாதத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். என் பின்புறத்தின் மேற்கில் நிற்கும் அண்டை வீட்டு மதில்தான் என்னை அதிலிருந்து இதுவரை காத்திருக்கிறது என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

இந்த ஆண்டு மீண்டும் ஒரு லிப்ஸ்டிக் கன்றை வைத்திருக்கிறேன். தொட்டியைச் செங்கற்கள் மீது உயர்த்தி, அருகே கறுப்பு வண்ணம் பூசிய தண்ணீர் பீப்பாய் ஒன்றை வைத்தேன். பகலில் ஏறிய சூட்டை அது இரவில் மெல்ல விடுகிறது. குருத்தின் மேல் ஓடு போல ஒரு மூடி, ஓலையைத் தொடாதபடி. டிசம்பர் முதல் எட்டு நாட்களுக்கு ஒருமுறை, நண்பகலில், வெதுவெதுப்பான நீர் மட்டும். அதுவும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்த பிறகே. மண்வெப்பம் மிகக் குறைந்து 13 டிகிரி வரை போனது. குருத்திலும் அதை ஒட்டிய மட்டையிலும் ஒரே மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தேன். குருத்து வளர்ந்தால் அதன் கோடு மட்டும் மேலேறும். டிசம்பர் 20 முதல் இரண்டு கோடுகளும் அசையாமல் சேர்ந்தே நின்றன. நேற்றுக் காலை அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: குருத்தின் கோடு மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தது.