சின்ன வயது ஆசையை வைத்து ஏதாவது கணிக்க முடியுமா?

கணக்கன்:
பத்து வயதில் சொன்ன வேலையை முப்பதில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதே வீண் வேலை. குழந்தைக்குக் கண்ணில் படுகிற வேலைகள்தான் தெரியும். டாக்டர், டீச்சர், போலீஸ், பைலட். காப்பீட்டுக் கணக்கீட்டாளரை எந்தக் குழந்தை பார்த்திருக்கிறது? பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் 2018 பிசா தேர்வில் 15 வயதுப் பிள்ளைகளிடம் முப்பதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். 41 நாடுகளில் பையன்களில் 47 சதவீதம், பெண்களில் 53 சதவீதம் வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். அத்தனை பேருக்கு அங்கே ஏது நாற்காலி?

திண்ணைவாசி:
கணக்கன் சார், நீங்கள் பெயர்ச்சொல்லை எண்ணுகிறீர்கள். வினைச்சொல்லை எண்ணிப் பாருங்கள். "பைலட் ஆவேன்" என்றால் கருவிகளைக் கையாளவா, ஊர் சுற்றவா, சீருடைக்காகவா? "வேலைக்குப் போனதும் முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டால் தெரிந்துவிடும். பட்டன், மீட்டர் என்று ஆரம்பிக்கிற பிள்ளைக்கு சிமுலேட்டர் பராமரிப்பும் பொருந்தும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் பொருந்தும். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் வேலைகளை ஆறு வகையாகப் பிரித்தாரே, சின்ன வயது ஆசையையும் பிற்கால வேலையையும் அந்த வகையை வைத்து ஒப்பிட்டால் பொருத்தம் கூடும்.

கணக்கன்:
கூடாமல் என்ன செய்யும்? ஆறே பெட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் ஆறில் ஒன்று சரியாக விழும். அதைக் கழித்துவிட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, டாக்டர் ஆனவருக்கு டாக்டர் ஆசை மட்டும் நினைவிருக்கும். நடுவில் வந்த ரயில் டிரைவர் ஆசை மறந்துபோயிருக்கும். பெரியவர்களிடம் கேட்டு வாங்கிய பதிலை நான் ஆதாரமாக எடுக்க மாட்டேன்.

திண்ணைவாசி:
ஆறில் ஒன்றைக் கழிக்க வேண்டும், சரிதான். நினைவுக் கோளாறுக்கு மருந்து அன்றைக்கே எழுதி வைப்பது. பிரிட்டனில் 1958இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வில், 1969இல் அந்த 11 வயதுப் பிள்ளைகளிடம் "உனக்கு 25 வயது என்று நினைத்துக்கொண்டு எழுது" என்று கட்டுரை வாங்கி வைத்தார்கள். அந்த மாதிரிப் பதிவைத்தான் நம்பலாம்.

மூன்றாம்கண்:
இரண்டு பேரும் கடைசிப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள். வேலைகளைப் பிள்ளைகள் மனதிலிருந்து தள்ளிவிடுவது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. உளவியலாளர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981இல் சொன்ன வரிசை இது: 6-8 வயதில் "இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை" என்று ஒரு பகுதி போய்விடும். 9-13இல் "மதிப்பில்லாத வேலை", "நமக்கு எட்டாது" என்று இன்னொரு பகுதி. தன் விருப்பத்தை எடைபோடுவது 14க்கு மேல்தான். அதற்குள் தட்டில் மிச்சம் கொஞ்சம். பிறகு சமரசம் என்று வந்தால் அவர் கணக்கில் முதலில் பலியாவது விருப்பம், கடைசிவரை விடாதது ஆண்-பெண் பாகுபாடு. பின்னாளில் வந்த ஆய்வுகளில் சில இந்தப் பலி வரிசையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் முதலில் சொன்ன வயதுக் கணக்கை எந்த வகுப்பறையிலும் பார்க்கலாம்.

கணக்கன்:
அப்படியே கனவு தப்பிப் பிழைத்தாலும் வாசல் இருக்கிறதே. 2017இல் நாசா விண்வெளி வீரர் பயிற்சிக்கு 18,300க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களிலிருந்து எடுத்தது 12 பேரை.

திண்ணைவாசி:
விண்ணப்பிக்கவே அறிவியல், பொறியியல் மாதிரிப் பட்டமும், துறையில் 3 வருட அனுபவம் அல்லது ஜெட் விமானத்தில் தலைமை விமானியாக 1,000 மணி நேரமும் கேட்டார்கள். தகுதியோடு மனுப் போட்டவர் தேறாவிட்டாலும் கனவுக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார்! வாசலைப் பற்றிச் சொன்னது சரி. எது முதல் வாசல் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சர்வதேச விதிப்படி வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, 200 மணி நேரப் பறப்பு. அங்கீகரித்த தொடர் பயிற்சி என்றால் 150 போதும். பெரிய விமானத்தின் கேப்டனாக 21 வயதும் 1,500 மணி நேரமும் வேண்டும். இந்த மணிக்கணக்கையே பார்த்துக்கொண்டு முதல்வகை மருத்துவச் சோதனையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கண்ணாடி போட்டால் தவறில்லை, அதோடு தூரப்பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 எட்ட வேண்டும். நிறம் பிரித்தறியும் பார்வைக் குறைபாடு அப்படியில்லை, கட்டணம் கட்டிய பிறகு தெரிந்தால் போச்சு. முதலில் மருத்துவம், அப்புறம்தான் பணம்.

மூன்றாம்கண்:
அது 17 வயதுக்காரருக்கு. பத்து வயதுப் பிள்ளையிடம் நிறச்சோதனை முடிவைக் காட்டிப் பயமுறுத்திவிடாதீர்கள்.

கணக்கன்:
சரி, எழுதி வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். தேதி, வேலையின் பெயர், அதில் என்ன செய்யப் பிடிக்கும், மூன்றும் இருக்கட்டும். வருடம் ஒருமுறை, பழைய தாளைக் காட்டாமல் புதுத்தாளில். ஆனால் பாதித் தாளில் இருப்பது அப்பா அம்மாவின் ஆசையாக இருக்குமே?

மூன்றாம்கண்:
நாலாவதாக ஒரு கட்டம் போடுங்கள்: "இதை முதலில் சொன்னது யார்?"