சபைக்குப் போவதை நிறுத்தியாயிற்று, ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வது?

தேரிக்காடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் பரிசுத்த பவுல் ஆலயத்துக் கோபுரம் தெரியும். தாத்தா உபதேசியார், அம்மா பெண்கள் சங்கத்துக் காரியதரிசி. நான் இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கணவர் இந்துக் குடும்பம், ஆனால் கோயில் குளம் என்று எதுவும் கிடையாது. 1954-ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டோம். ஒரு பையன், மூன்றாம் வகுப்பு.

விசுவாசம் போனதற்கு யாரும் காரணம் இல்லை. எந்த ஐயரும் (பாதிரியாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) என்னை நோகடிக்கவில்லை. சபைத் தேர்தல் சண்டையைப் பார்த்து வெறுத்தும் போகவில்லை (வெறுக்காத ஆள் எங்கள் பக்கத்தில் உண்டா என்பது வேறு விஷயம்). ஜெபம் பண்ணும்போது அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து இல்லாமல் போய்விட்டது. ஆகவே கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ தயவுசெய்து யாரும் எனக்கு நிரூபிக்க வேண்டாம்.

போன் பண்ணும்போதெல்லாம் அம்மா கேட்பாள்: "இயேசப்பா இல்லாத வீட்ல சமாதானம் எப்படிம்மா இருக்கும்?" சமாதானம் இருக்கத்தான் செய்கிறது. சண்டை சச்சரவு இல்லாத வீடு, கடன் இல்லை, சிரிக்கிறோம். ஆனாலும் ஏதோ குறைகிறது. அது கடவுள் இல்லை என்பது எனக்கு நிச்சயம். என்னென்ன குறைகிறது என்று யோசித்தால் சின்னச் சின்ன விஷயங்களாகத்தான் வருகின்றன.

முதலாவது, ஆல்டோ, அதாவது சேர்ந்து பாடும்போது பெண்களின் கீழ்க்குரல். பள்ளிக்கூட நாளிலிருந்து சபைப் பாடகர் குழுவான கொயரில் ஆல்டோ வரிசையில் நின்றவள் நான். பாமாலைப் பாட்டில் மெட்டு முழுவதும் மேல்குரல் பாடும் சோப்ரானோக்காரர்களுக்குப் போய்விடும். எங்களுக்கு மூன்று நான்கு சுரங்களுக்குள் ஏறி இறங்குவதுதான் வேலை. அதை வீட்டில் தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. பாத்திரம் கழுவும்போது பாடினேன், பையன் "என்னம்மா ஒரே மாதிரி முனகிக்கிட்டே இருக்க" என்றான்.

அப்புறம் அசனம், அதாவது சபை விருந்து. வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ராத்திரி முழுக்க ஆண்கள் அடுப்படியில் நின்று ஆக்கி, ஊரே ஒரே பந்தியில் உட்காரும். "ஊரே ஒரே சாதி, அதனால் ஒரே பந்தி. இதில் என்ன பெருமை?" என்று கணவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தக் கறிக்குழம்பு வாசனை வந்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்பாவுக்கு வாதம் வந்து பாளையங்கோட்டையில் கிடந்தபோது நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. ஒருவர் பிளாஸ்க்கோடு வந்தார், ஒருவர் ராத்திரி நான் இருக்கிறேன் நீங்கள் தூங்குங்கள் என்றார். இங்கே எனக்கு டெங்கு வந்தபோது அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. கஞ்சி ஸ்விக்கியில் வந்தது.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதுவும். இந்த வருஷத்துக்கு உனக்கு இந்த வசனம் என்று ஒன்று கையில் வரும். இப்போது எனக்கு ஜனவரி 1 என்பது ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு இன்னும் எத்தனை நாள் என்பதுதான்.

சபைக்கென்று எடுத்துவைக்கும் பிடி அரிசியை மட்டும் விடவில்லை. உலை வைக்கும்போது கை தானாக ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுகிறது. மாதக் கடைசியில் அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் காவலாளி அண்ணனிடம் கொடுக்கிறேன்.

கேள்வி இதுதான். சபை, கோயில், பள்ளிவாசல் எதுவும் இல்லாமல் வாழ்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு நிறைவு எங்கிருந்து வருகிறது? தத்துவம் வேண்டாம், என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பையனுக்குத் தூங்கும்முன் ஜெபம் சொல்லிக்கொடுக்காமல் வேறு என்ன செய்வது, நான் செத்தால் எங்கே புதைப்பார்கள், இவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஜீவநதி77 எழுதியது:

அக்கா, நீங்கள் இப்படித் தவிப்பதே கர்த்தர் உங்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

தேரிக்காடு எழுதியது:

நன்றி தம்பி. அம்மாவும் இதையேதான் சொல்வாள், வார்த்தைகூட மாறாது. ஜெபிப்பதை நான் தடுக்கப்போவதில்லை.

வெள்ளோட்டு நாரை எழுதியது:

நான் ஈரோடுங்க. மூன்று தலைமுறையாகச் சாமி இல்லாத குடும்பம். என் தாத்தாவும் பாட்டியும் ஐயர், மந்திரம், தாலி எதுவும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள். அந்தக் கல்யாணம் ரொம்ப காலம் சட்டப்படி கல்யாணமே இல்லை. 1967-இல் அண்ணா கொண்டுவந்த சட்டத் திருத்தம் பழைய சுயமரியாதைத் திருமணங்களுக்கும் சேர்த்துச் செல்லும் என்று சொன்ன பிறகுதான் செல்லுபடியானது. எங்கள் அப்பா அதற்குள் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தாத்தாவுக்கு நிறைவு பற்றிக் கவலையே இருந்ததில்லை. எதிர்ப்பதற்கு ஊர் முழுக்க ஆள் இருந்தார்கள். கூட்டம், மாநாடு, படிப்பகம், தோழர்கள் வீட்டில் சாப்பாடு என்று வாரம் முழுக்க ஓட்டம். எனக்கு அந்தச் சூடு கிடைக்கவில்லை. வீட்டில் விட்டுவிட ஒரு சாமி இருந்தால்தானே விட்டதில் ஒரு விடுதலை இருக்கும்? எனக்குக் கடவுள் இல்லை என்பது எங்கள் வீட்டில் நாய் இல்லை என்பது போலத்தான். அதில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. ஆகவே நாத்திகம் நிறைவு தரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போகிறேன். வெள்ளோடு சரணாலயம் எங்களுக்குப் பக்கம். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் வரும். பொங்கலுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதிலும் சேர்ந்துகொள்வோம். எங்கள் குழுவில் ஒரு தறிக்காரர், ஒரு பேங்க் அம்மா, காலேஜ் பையன்கள் இரண்டு பேர். பறவை பற்றி எனக்கு இன்றும் பெரிய அறிவு கிடையாது. ஆனால் ஒரு ஞாயிறு போகாவிட்டால் எட்டு மணிக்குள் போன் வந்துவிடும், "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று. வேலைக்குப் போகாவிட்டாலும் கேட்பார்கள், அது சம்பளத்துக்கு. இங்கே கேட்பது எனக்காக. உங்கள் ஆல்டோவும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரிசையில் ஒரு ஆள் குறைந்தால் காதில் தெரியுமல்லவா?

பையனுக்கு: எங்கள் அம்மா எங்களைப் படுக்கவைத்துவிட்டு, இன்றைக்கு உனக்கு யார் நல்லது செய்தார்கள் என்று கேட்பார். பெயர் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால், அடுத்த நாள் கேட்டுக்கொண்டு வர வேண்டும். எங்கள் பஸ் கண்டக்டர் பெயர் எனக்கு அப்படித்தான் தெரியும். கடவுளுக்கு நன்றி சொல்வதைவிட இது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் மறுநாள் அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டியிருக்கும்.

சாவுக்கு: தாத்தா உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார், கொடுத்தோம். நீங்களும் அப்படி விரும்பினால் உயிரோடு இருக்கும்போதே அரசு மருத்துவக் கல்லூரி உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கிக் கையெழுத்துப் போட்டு, வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கடைசியில் ஒப்படைக்க வேண்டியது அவர்கள்தான், அவர்கள் மறுத்தால் படிவம் வெறும் காகிதம். ஆனால் ஒன்று. உடல் போன மூன்றாம் நாள் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. சடங்கு வேண்டாம் என்று தாத்தா சொன்னது சரி, பாட்டி யாரோடு உட்கார்ந்து அழுவார்? படத்திறப்பு வைத்தோம். ஒவ்வொருவராக எழுந்து தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள், ஒருவர் அவர் வாங்கிய கடனைப் பற்றியே பேசினார். பாட்டி அன்றைக்குத்தான் சாப்பிட்டார்.

பழைய தமிழய்யா எழுதியது:

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பாண்டிய நாட்டுக்காரர் ஒருவர் பழைய காலத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று பிசிராந்தையாரைக் கேட்டார்கள். அது புறநானூற்றில் 191-ஆம் பாட்டு. மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர்கள் என் மனம்போல் நடக்கிறார்கள், அரசன் தப்புச் செய்வதில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக என் ஊரில் அடக்கமான சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்றார். அதில் சாமி பெயரே வராது. அரசனை நம்மால் மாற்ற முடிகிறதோ இல்லையோ, ஊர் என்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பெஞ்ச் எழுதியது:

ஐயா, அந்தப் பிசிராந்தையார்தான் பிறகு நண்பன் கோப்பெருஞ்சோழனோடு வடக்கிருந்து, அதாவது உண்ணாமல் இருந்து, உயிரை விட்டார். நிறைவு உள்ளவர்களும் அப்படித்தான் போல.

நான் சமூகவியல் படிக்கிறவள். தேரிக்காடு அக்காவுக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இருவர் 2010-இல் அமெரிக்கன் சோஷியலாஜிக்கல் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். அமெரிக்காவில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் கூடுதல் திருப்தியோடு இருக்கிறார்களே, ஏன் என்பது கேள்வி. தனியாக ஜெபிப்பதோ கடவுளை உணர்வதோ அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. சபைக்குள் எத்தனை நெருங்கிய நண்பர்கள் என்பதுதான் கணக்கு. வாராவாரம் போயும் அங்கே சிநேகிதம் இல்லாதவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை.

இதைக் கேட்டதும் "அப்போ நண்பர்கள் போதும்" என்று முடித்துவிடக்கூடாது. அதே ஆய்வில், சபை நண்பர்கள் தருவதைச் சாதாரண நண்பர்கள் அதே அளவுக்குத் தரவில்லை என்றும் வருகிறது. நாம் ஒரு கூட்டம், நமக்குப் பொதுவாக ஒன்று இருக்கிறது என்ற எண்ணமும் சேர வேண்டியிருக்கிறது. லண்டனில் 2013 ஜனவரியில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் சன்டே அசெம்பிளி என்று கடவுள் இல்லாத சபை ஒன்றைத் தொடங்கினார்கள். பாட்டு உண்டு, ஒரு பேச்சு உண்டு, டீயும் கேக்கும் உண்டு. பல நாடுகளுக்குப் பரவியது, பிறகு பல ஊர்களில் கூட்டம் குறைந்து மூடினார்கள். என் எண்ணம் என்னவென்றால், வராவிட்டாலும் குற்றமில்லை என்று இருக்கும் இடத்துக்கு மழை பெய்தால் யாரும் வரமாட்டார்கள். நாரை அண்ணன் குழு நிற்பதற்குக் காரணம் கணக்கெடுக்க வேண்டிய பறவைகள் அங்கே இருப்பதுதான், சும்மா சந்திப்பதற்கு என்று வைத்திருந்தால் இரண்டு மாதம் தாங்காது.

மார்த்தாண்டம் சிஸ்டர் எழுதியது:

நான் விசுவாசிதான், தினமும் வேதம் வாசிக்கிறவள். ஆனாலும் பதில் சொல்கிறேன். கோழிக்கோட்டில் நர்ஸாக இருக்கிறேன். 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் இங்கே வலி நிவாரண மருத்துவத்தைத் தொடங்கினார்கள். அது பிறகு ஊர் ஊராக அக்கம்பக்கத்து ஆட்களே நடத்தும் ஏற்பாடாகக் கேரளம் முழுக்கப் பரவியது. தீராத நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது. மருந்து கொடுப்பதும் புண் கட்டுவதும் எங்கள் வேலை. பேசுவது, நகம் வெட்டிவிடுவது, அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பது தொண்டர்கள் வேலை. எங்கள் குழுவில் ஐந்து வேளை தொழுகிற ஆட்டோக்காரர் இருக்கிறார். கட்சிக்காரர் ஒருவர் இருக்கிறார், சாமி என்றாலே சிரிப்பார். புண்ணில் புழு வைத்த நோயாளி வீட்டுக்குள் முதலில் நுழைகிறவர் அவர்தான். திரும்பி வரும் வழியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், எங்கள் ஐயர் முகத்தில்கூட நான் அதைக் கண்டதில்லை.

உங்கள் பிடி அரிசியை வாங்கிக்கொள்ள இங்கே வீடுகள் இருக்கின்றன அக்கா. சென்னையிலும் இந்த வேலை செய்கிறவர்கள் உண்டு, அரசு மருத்துவமனைகளில் வலி நிவாரணப் பிரிவு எங்கே என்று விசாரியுங்கள்.

கொயர் விஷயத்தில் மட்டும் ஒரு சண்டை போடுகிறேன். பாட்டை ஏன் விட்டீர்கள்? விசுவாசம் இல்லாவிட்டால் பாடக்கூடாது என்று யார் சொன்னது? எங்கள் கொயரில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடுகிறவர்களில் பாதிப் பேர் பிரசங்கம் ஆரம்பித்ததும் டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

தேரிக்காடு எழுதியது:

சிரித்துவிட்டேன் சிஸ்டர். எங்கள் ஊர் டெனரும் அப்படித்தான்.

பாட்டை விட்டதற்குக் காரணம் விசுவாசப் பிரமாணம். "விசுவாசிக்கிறேன்" என்று எழுந்து நின்று எல்லாரோடும் சொல்லும் இடத்தில் வாய் வரவில்லை. பாட்டில் எதை வேண்டுமானாலும் பாடிவிடுவேன், அங்கே மட்டும் முடியவில்லை. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் என்று 1893-லிருந்து இங்கே ஒரு கொயர் இருக்கிறது. பிரமாணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, பார்ட் தெரிந்தால் போதும் என்று ஒரு தோழி சொன்னாள். ஆல்டோவுக்கு ஆள் எடுப்பார்களா என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாரை தம்பி, நீங்கள் சொன்ன கேள்வியை நேற்று ராத்திரி பையனிடம் கேட்டேன். லிப்ட் அங்கிள் என்றான். பெயர் தெரியாது என்றான். எனக்கும் தெரியவில்லை. இன்று காலையில் அவனே இறங்கிப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தான், பெயர் செல்லப்பாண்டி, ஊர் உடன்குடியாம். எங்களுக்கு அடுத்த ஊர்! இத்தனை நாளாக நான் பிடி அரிசி கொடுத்துக்கொண்டிருந்த காவலாளி அண்ணனுக்கு மச்சானாம். இனி அரிசியை அவரிடம் கொடுப்பதா, சிஸ்டர் சொன்னபடி நோயாளி வீட்டுக்குக் கொடுப்பதா என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கிறது.

மருத்துவக் கல்லூரிப் படிவத்தைப் பற்றி அம்மாவிடம் இப்போது பேச முடியாது. எனக்கு முன்னால் அவள் போவாள், அவளைக் கல்லறைத் தோட்டத்தில் அப்பா பக்கத்தில்தான் வைப்போம். அதற்காகச் சபைக்குக் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கையை அவள் பெயரில் நான் கட்டிக்கொண்டுதான் வருகிறேன். இரண்டாம் பெஞ்ச், அந்தக் கட்டுரையை அனுப்ப முடியுமா?